சூதாடி: சொல்லும் வழக்கும்

பணத்தையோ பொருளையோ பந்தயமாக வைத்து ஆடுபவரைக் குறிக்கும் சொல் சூதாடி. 'சூதாடு' என்னும் வினையோடு 'இ' விகுதி சேர்ந்து உருவானது. கூத்தாடி போல இருபாலுக்கும் பொது.

இதே பொருளில் திருக்குறள் 'சூதர்' என்கிறது. ஆனால் தொல்காப்பியத்தில் சூதர் என்போர் துயிலும் மன்னரை வாழ்த்தி எழுப்புவோர். ஆகவே பழைய நூல்களில் இச்சொல்லைக் கண்டதும் சூதாடி என்று முடிவு செய்துவிடக் கூடாது. குறளின் 94ஆம் அதிகாரம் சூதாடுமிடத்தைக் 'கழகம்' என்று சுட்டுகிறது. இன்று கட்சிக்கும் பல்கலைக்கும் பின்னொட்டாக நிற்கும் அதே சொல்தான்.

இவற்றினும் பழமையான வழக்கு 'வல்'. அச்சொல்லின் பின் 'நாய்', 'பலகை' என்பவை வந்தால் புணர்ச்சி எப்படி அமையும் என்று தொல்காப்பியம் விதி கூறுகிறது. இங்கே நாய் என்பது விலங்கன்று, ஆட்டக்காய். புறநானூற்றின் 52ஆம் பாட்டில், பகைவரால் பாழான ஊரின் பொதியிலில் முதியவர்கள் காய் வைத்து வைத்துக் குழிந்துபோன வல்லாடும் இடத்தில் காட்டுக்கோழி முட்டையிடுகிறது. அங்கே பழிப்பு எதுவும் இல்லை. ஊர் அழிந்ததுதான் அவலம். ஆட்டக்காரனை இழிவாகப் பார்க்கும் குரல் குறளில்தான் ஓங்கி ஒலிக்கிறது.

விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி வட்டாரத்துத் திரௌபதியம்மன் திருவிழாக்களில் பாரதம் படித்துத் தெருக்கூத்து ஆடுவது வழக்கம். அவற்றுள் பகடையாட்டமும் துகிலுரிதலும் முக்கியக் கூத்து. நாட்டையும் தம்பியரையும் மனைவியையும் பந்தயம் வைத்தவர் தருமர். ஆனாலும் சூதுக்காரன் என்ற பழி சகுனிக்கே போய்ச் சேர்கிறது. தோற்றவனுக்கு இரக்கம், வஞ்சித்தவனுக்கு வசை! 'சூது' என்பதற்கு வஞ்சகம் என்ற பொருளும் உண்டு. 'சூதுவாது தெரியாதவன்' என்னும் பேச்சு வழக்கு அதற்குச் சான்று.

தமிழ்நாட்டில் 2003 சனவரியில் லாட்டரி தடை செய்யப்பட்டது. பிற மாநிலச் சீட்டுகளின் கடைசி மூன்று எண்களை வைத்து ஆடும் 'மூணு நம்பர் லாட்டரி' மறைவாகத் தொடர்ந்தது. 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் நகைத்தொழிலாளி ஒருவரின் குடும்பத்தில் மூன்று பெண் குழந்தைகள் உட்பட ஐவர் உயிரிழந்தனர். இந்த லாட்டரியில் பணம் இழந்ததே காரணம் என்று செய்திகள் கூறின. நம்பர் எழுதுபவர் தம்மைச் சூதாடி என்று சொல்லிக்கொள்வதில்லை. 'சீட்டு வாங்கினேன்' என்பார். குறளும் கூத்தும் அறிந்த ஊரிலும் அந்தப் பெயரைத் தனக்கு வைத்துக்கொள்ள ஆளில்லை.

இந்த மழுப்பல் சட்டத்திலும் சிக்கலாயிற்று. இணையவழிச் சூதாட்டத்தைத் தடைசெய்யும் தமிழ்நாட்டுச் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றது. ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று கூறி, அவற்றுக்குத் தடை பொருந்தாது என்றது. எனவே அத்தீர்ப்பின்படி, ரம்மியில் பணம் இழந்தவர் வீட்டாருக்குச் சூதாடி, சட்டத்துக்கு விளையாட்டு வீரர்.