ஔவை சு. துரைசாமிப் பிள்ளை

ஔவை சு. துரைசாமிப் பிள்ளை (செப்டம்பர் 5, 1902 – ஏப்ரல் 3, 1981) தமிழறிஞர், உரையாசிரியர், சைவ சித்தாந்த வல்லுநர், மேடைச் சொற்பொழிவாளர். உரைவேந்தர் எனப் போற்றப்பட்டவர்.

வாழ்க்கை

திண்டிவனத்தை அடுத்த ஔவையார்குப்பத்தில் பிறந்தார். பெயரின் முன்னுள்ள 'ஔவை' இவ்வூரையே குறிக்கும். சங்கப் புலவரை அன்று. திண்டிவனம் முதல் மரக்காணம் உப்பளக் கடற்கரை வரையிலான இப்பகுதி பண்டைய ஓய்மா நாடாகும். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் மரக்காணமே என்பர் ஆய்வாளர் பலர். அந்நாட்டு மன்னன் நல்லியக்கோடனைப் பாடும் 176ஆம் பாட்டு அமைந்த புறநானூற்றுக்கு, பிற்காலத்தில் இவரே உரை வரைந்தார்.

வறுமையால் கல்லூரிப் படிப்பு இடையில் நின்றது. அரசின் சுகாதாரத் துறையில் கிடைத்த வேலையைச் சில மாதங்களிலேயே விட்டு, கரந்தைத் தமிழ்ச் சங்கம் சென்று உமாமகேசுவரனாரின் ஆதரவில் தமிழ் கற்றார். 1930இல் வித்துவான் தேர்வில் வென்றார். வட ஆர்க்காட்டுப் பள்ளிகளிலும், பின்னர் திருப்பதி, அண்ணாமலைப் பல்கலைக்கழகம், மதுரைத் தியாகராசர் கல்லூரி ஆகிய இடங்களிலும் பணிபுரிந்தார்.

உரைப்பணி

புறநானூற்றின் பழைய உரை 266ஆம் பாட்டுடன் நின்றுவிடுகிறது. எஞ்சியவற்றுள் பல சிதைந்தவை. நூல் முழுமைக்கும் உரை கண்டது இவரது அரும்பணி. பாடல்களில் வரும் ஊர்களையும் மன்னர்களையும் கல்வெட்டுகளைக் கொண்டு விளக்குவது இவர் உரையின் தனித்தன்மை; உரைநூல்களில் இஃது அக்காலத்தில் அரிது. ந. மு. வேங்கடசாமி நாட்டார் 1944இல் மறைந்தமையால் நின்ற மணிமேகலை உரையின் இறுதி நான்கு காதைகளை இவர் எழுதி நிறைவு செய்தார். பௌத்த அளவை நூற்பயிற்சியின்றி அப்பகுதிக்கு உரை காண்பது இயலாது.

பதிற்றுப்பத்து, ஐங்குறுநூறு, நற்றிணை உரைகளும் சைவ இலக்கிய வரலாறும் குறிப்பிடத்தக்கவை. தமிழ்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தராயிருந்த ஔவை நடராசன் (இறப்பு 2022) இவர் மகன்.