ஒரே எழுத்து, இரண்டு ஒலி: ஆர்மீனியர்களின் கதை



"கண்ணுக்கும் தங்கத்துக்கும் ஒரே 'க'தானே சார், இது குறையில்லையா?" என்று வகுப்பில் உங்களில் பலர் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு ஆர்மீனிய மொழியை வைத்து விரிவாகப் பதில் சொல்கிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

387ஆம் ஆண்டு வாக்கில் ஆர்மீனியாவை ரோமப் பேரரசும் பாரசீகமும் பங்கு போட்டுக்கொண்டன. மக்கள் கிறிஸ்தவர்கள். ஆனால் வேதம் கிரேக்கத்திலும் சிரியாக்கிலும் வாசிக்கப்பட்டது. சாதாரண ஜனங்களுக்குப் புரியவில்லை. அரசுப் பணியை விட்டுத் துறவியான மெஸ்ரோப் மாஷ்தோட்ஸ் என்பவர் தாய்மொழிக்கு எழுத்து வேண்டும் என்று புறப்பட்டார். முதலில் தானியேல் என்ற சிரியாக் ஆயரிடம் இருந்த எழுத்துகளை வாங்கிப் பிள்ளைகளுக்குக் கற்பித்துப் பார்த்தார்கள். ஆர்மீனிய ஒலிகளுக்கு அவை போதவில்லை. அதன் பிறகே, 405 வாக்கில், மாஷ்தோட்ஸ் 36 எழுத்துகளை உருவாக்கினார். இதையெல்லாம் எழுதி வைத்தவர் அவருடைய மாணவர் கொரியுன். ஒரு ஆசிரியருக்கு இதைவிட என்ன வேண்டும்!

இரவல் எழுத்து ஏன் போதவில்லை? ஆர்மீனியத்தில் 'க' மட்டுமே மூன்று விதம். கண்ணில் வரும் க, தங்கத்தில் வரும் க, இந்திக்காரர்கள் சாப்பாட்டை 'கானா' என்னும்போது மூச்சோடு வரும் க. ஒன்றை மாற்றினால் சொல்லின் பொருளே மாறிவிடும். அதனால் மூன்று எழுத்து. தமிழில் அப்படியில்லை. சொல்லின் முதலில் வந்தால் ஒரு ஒலி, மெல்லினத்தை அடுத்து வந்தால் வேறு ஒலி. இடமே ஒலியைச் சொல்லிவிடுகிறது. ஆகவே நமக்கு ஒரு எழுத்து போதும். இது குறையல்ல, பொருத்தம்.

இன்னொரு வேடிக்கை. நாம் 'நாடு', 'பாக்கு' என்று எழுதும் குற்றியலுகரத்தை முழுதாக ஒலிப்பதில்லை. ஆர்மீனியர்கள் மெய்யெழுத்துகளை வரிசையாக எழுதிவிட்டு, இடையில் ஒரு குறுகிய உயிரைச் சேர்த்து வாசிப்பார்கள். நாம் எழுதியதைக் குறைத்துச் சொல்கிறோம். அவர்கள் எழுதாததைச் சேர்த்துச் சொல்கிறார்கள். எந்த எழுத்தும் பேச்சின் முழுப் படமல்ல.

எழுத்து நின்றது, பேச்சு நகர்ந்தது. 'கிரிகோர்' என்ற பெயரைக் கிழக்கு ஆர்மீனியர் தங்கத்தின் 'க' கொண்டு சொல்வார்கள். மேற்கு ஆர்மீனியர் அதே எழுத்துகளைப் பார்த்து மூச்சோடு வரும் 'க' கொண்டு சொல்வார்கள். மேற்கில் மூன்று ஒலி இரண்டாகிவிட்டது; எழுத்து மட்டும் மூன்றாகவே இருக்கிறது. 1915இல் தொடங்கிய இனப்படுகொலையில் தப்பிய மேற்கு ஆர்மீனியர்கள் பெய்ரூட், பாரீஸ் என்று சிதறினார்கள். 1922இல் சோவியத் ஆர்மீனியா எழுத்துக்கூட்டலை மாற்றியது. வெளியில் இருந்தவர்கள் பழையதையே வைத்துக்கொண்டார்கள். ஒரே நெடுங்கணக்கு, இரண்டு விதமான புத்தகங்கள். 2010இல் மேற்கு ஆர்மீனியத்தை அழியும் அபாயத்தில் உள்ள மொழியாக யுனெஸ்கோ பட்டியலிட்டது.

இவர்களுக்கும் சென்னைக்கும் உறவு உண்டு. 1726இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் பாலம் கட்டிக்கொடுத்தவர் பெட்ரோஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். உலகின் முதல் ஆர்மீனியப் பத்திரிகையான 'அஸ்தரார்' 1794இல் வெளிவந்தது நம் சென்னையில்தான். நடத்தியவர் ஹாருத்யுன் ஷ்மாவோனியன் என்ற பாதிரியார். பாரிமுனை அருகே அவர்கள் வாழ்ந்த ஆர்மீனியன் தெருவை நம் மக்கள் 'அரண்மனைக்காரன் தெரு' என்றார்கள். அங்கே அரண்மனை ஏதும் இல்லை. காதில் விழுந்த ஒலியை நம் சொல்லாக்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

1,600 ஆண்டு பழைய, அருமையான எழுத்து கையில் இருந்தும் மேற்கு ஆர்மீனியம் தடுமாறுகிறது. வீட்டில் பேசும் பிள்ளைகள் குறைந்ததே காரணம். வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் என் பிள்ளைகளே, உங்கள் குழந்தைகளுக்கு அ, ஆ எழுதக் கற்றுக்கொடுங்கள். அதோடு தினமும் பத்து நிமிடமாவது தமிழில் பேசுங்கள், ஒரு பக்கம் வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். எந்த இடத்தில் எந்த 'க' என்பதை அவர்கள் காதால்தான் கற்க முடியும்.