சவ்வாது மலை: மலையூர் வாழ்வும் நிலவுரிமையும் வழித்தடமும்

சவ்வாது மலை (ஜவ்வாது மலை என்றும் எழுதுவர்) கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரவியுள்ளது. செய்யாறு இங்கே பிறந்து பாலாற்றில் கலக்கிறது. மேற்குச் சரிவின் ஓடைகள் பாம்பாற்றில் விழுந்து, ஊத்தங்கரைப் பக்கமாகத் தென்பெண்ணையை அடைகின்றன. தெற்கே சிங்காரப்பேட்டைக்கும் செங்கத்துக்கும் இடையிலுள்ள கணவாய் இம்மலையைக் கல்வராயன் தொடரிலிருந்து பிரிக்கிறது. கணவாயின் மேற்கு வாயில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் திறக்கிறது. அப்பக்கம் இறங்குவோர் ஊத்தங்கரை கடந்து சாமல்பட்டியில் ரயிலேறலாம். மலையில் பெரும்பான்மையோர் மலையாளிப் பழங்குடியினர். தமிழ் பேசும் இம்மக்களுக்கும் கேரளத்து மலையாளிகளுக்கும் தொடர்பில்லை.

மலையடிவாரத்தில் திருப்பத்தூருக்கு அருகிலுள்ள பையம்பள்ளியில் இந்தியத் தொல்லியல் துறை 1960களில் அகழாய்வு செய்தது. புதிய கற்கால மக்களின் குழி வீடுகளும் கொள்ளு, பச்சைப்பயறு ஆகியவற்றின் எச்சங்களும் கிடைத்தன. கொள்ளு இன்றும் மலைக்காடுகளில் விளைகிறது.

இப்பகுதியின் பயணம் பற்றிய மிகப் பழைய எழுத்துச் சான்றாகப் பத்துப்பாட்டு நூலான மலைபடுகடாத்தைக் கொள்ளலாம். செங்கண்மாவை (இன்றைய செங்கத்தை) ஆண்ட நன்னனிடம் செல்லும் கூத்தருக்கு அது வழி சொல்கிறது. பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல்லுக்கு எப்படி ஒதுங்குவது, எந்த ஊரில் என்ன சோறு கிடைக்கும் என்பன வரை அதில் உண்டு. நன்னனின் நவிர மலையைப் பருவதமலை என்று பலர் கொள்வர். சவ்வாது மலையோடு சேர்த்துப் பேசுவோரும் உண்டு. எம்மலையாயினும், மலைவழி நடப்பவனின் அச்சங்களை அறிந்த ஒருவரே அதைப் பாடியிருக்க வேண்டும்.

பல்லவர் காலம் தொட்டுச் செங்கம் வட்டாரத்தில் நடுகற்கள் மிகுதி. தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் இவற்றைத் தொகுத்து நூலாக்கியது. பெரும்பாலானவை மாடு கவர்ந்தோரோடும் மாடு மீட்டோரோடும் தொடர்புடையவை. அக்காலத்தில் மலைச்சாரலின் சொத்து மாட்டு மந்தைதான் என்பதை இக்கற்களே காட்டுகின்றன. எடுத்தனூரில் உள்ள மகேந்திரவர்மன் காலத்து நடுகல் தனித்துக் குறிப்பிடத்தக்கது. வீரனோடு அவனுடைய நாயும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்னும் அந்த நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்லெழுத்து தெரிவிக்கிறது. நாய்க்குப் பெயரும் எழுதி வைத்த கல் தமிழகத்தில் அரிது.

மலையாளிகள் எப்போது மேலேறினர் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவர் வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்பது சேர்வராயன், கொல்லி, பச்சை மலைகளில் வழங்கும் கதை. சவ்வாது மலைக் கதை வேறு. ஆங்கில அலுவலர் எச். ஏ. ஸ்டூவர்ட் பதிவுசெய்து, இனவரைவியலாளர் எட்கர் தர்ஸ்டன் 1909இல் தம் நூலில் சேர்த்த வடிவம் இது: சக ஆண்டு 1055இல் (கி.பி. 1132) கங்குந்தி என்னும் ஊரின் வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டனர். மறுக்கப்படவே ஏழு பெண்களைத் தூக்கிச் சென்றனர். ஏழு வேளாளர் ஏழு நாய்களோடு மீட்கப் புறப்பட்டனர். நாய்கள் மட்டும் திரும்பினால் தாங்கள் மாண்டதாக எண்ணிக் கருமம் செய்துவிடுமாறு மனைவியரிடம் சொல்லிச் சென்றனர். பாலாற்றில் வெள்ளம். நாய்கள் பாதி ஆறு நீந்திவிட்டு வீடு திரும்பின. ஆண்களோ கரையேறி, வேடரைக் கொன்று ஊருக்கு வந்தபோது மனைவியர் தாலி களைந்திருந்தனர், கருமம் முடிந்திருந்தது. செத்தவர்களாகக் கணக்கெழுதப்பட்டவர்களுக்கு ஊரில் இடமில்லை. வேடர் குலத்துப் பெண்களை மணந்து மலையேறி உழத் தொடங்கினர். ஆண்டைச் சரியாகச் சொல்வதாலேயே இக்கதையை வரலாறாகக் கொள்ள முடியாது. எனினும், மலையும் சமவெளியும் ஒரே ஆற்று வெள்ளத்தால் பிரிந்தன என்று மலையூரார் தங்கள் தொடக்கத்தை நினைத்துவைத்திருப்பது கருதத்தக்கது.

சோழர், சம்புவராயர், விஜயநகர காலங்களில் மலைக்கு மேலிருந்த ஊர்களைப் பற்றிய சான்றுகள் சொற்பம். 1767 செப்டம்பரில் செங்கம் கணவாயில் ஹைதர் அலியின் படையும் கர்னல் ஸ்மித்தின் கும்பினிப் (கிழக்கிந்தியக் கம்பெனி) படையும் மோதின. அப்போரைப் பற்றி எழுதியோரின் பார்வை கணவாயை விட்டு மேலே ஏறவில்லை.

1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால், திருப்பத்தூரும் அடங்கிய பாராமகால் பகுதி கும்பினியார் வசமானது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழ் தாமஸ் மன்றோவும் நிலம் அளந்து குடிகளோடு நேரே வரி பேசினர். பின்னர் ரயத்துவாரி என அறியப்பட்ட முறை இங்கேதான் உருவெடுத்தது. அது சமவெளிக்குப் பொருந்தியது. மலையிலோ நிலம் இருவகை. ஊரை ஒட்டி ஏர் ஓடும் இடம் உழவுக்காடு. ஏர் நிற்காத சரிவில் புதரை வெட்டிச் சுட்டு, கொத்தால் கிளறிச் சாமையும் கேழ்வரகும் கொள்ளும் விதைப்பது கொத்துக்காடு. உழவுக்காடு அப்பனிடமிருந்து மகனுக்குப் போகும். கொத்துக்காடோ திருத்தியவன் விதைக்கும் வரை அவனுடையது. சில ஆண்டில் சத்துக் குறைந்ததும் விட்டுவிடுவர், காடு மீண்டும் மூடும். தகராறு வந்தால் ஊர்க்கவுண்டனும் மூப்பனும் அமர்ந்து தீர்ப்பர். அதற்கு மேல், பல ஊர்கள் சேர்ந்த நாட்டுக்குத் தலைவனான நாட்டான். புதூர்நாடு, புங்கம்பட்டு நாடு என்ற பெயர்களில் அந்தப் பழைய பிரிவுகள் இன்னும் நிற்கின்றன.

1860களின் தொடக்கத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து சேலம் வழியே மேற்கே ரயில் பாதை போடப்பட்டது. சாமல்பட்டி நிலையம் இப்பாதையில் உள்ளது. அன்று மதராஸ் ரயில்வேயின் எஞ்சின்கள் விறகில் ஓடின. பாதையை ஒட்டிய மலைக்காடுகள் விலைபோகும் பண்டமாயின. 1882இல் மதராஸ் வனச் சட்டம் வந்தது. அதன்படி, காப்புக்காடாக அறிவிக்கவிருக்கும் நிலத்தில் உரிமை உள்ளவர்கள், மூன்று மாதத்துக்குக் குறையாத கெடுவுக்குள், எழுத்தாகவோ நேரில் வாய்மொழியாகவோ தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காத உரிமை இறுதி அறிவிப்போடு அற்றுப்போகும். பத்திரமும் பட்டாவும் இல்லாத மலையூரானுக்கு இதன் விளைவு கடுமையானது. தரிசாக விட்ட கொத்துக்காடு அலுவலர் கண்ணுக்குக் காடாகத்தான் தெரியும். ஆறப்போட்ட நிலம், ஆறியதாலேயே கைவிட்டுப் போயிற்று. காப்புக்காட்டுக்குள் தீ வைப்பதும் மாடு மேய்ப்பதும் குற்றமாயின. நேற்று வரை வேளாண்மையாக இருந்தது வழக்காக மாறியது.

லெ ஃபானு தொகுத்த சேலம் மாவட்டக் கையேடு (1883), எஃப். ஜே. ரிச்சர்ட்ஸின் சேலம் கெசட்டியர் (1918) போன்றவை இக்காலத்து மலைவாழ்வுக்கு முதன்மைச் சான்றுகள். மூங்கில் படலில் மண் பூசிப் புல் வேய்ந்த வீடுகள், தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய தானியக் கூடுகள், பெண்ணுக்குப் பரியம் கொடுக்கும் வழக்கம், பச்சை குத்தாத பெண்கள் என்று இக்கால ஆங்கில அலுவலர்களின் எழுத்துகளில் பல விவரங்கள் உண்டு. வழிகள் அனைத்தும் ஒற்றையடிப் பாதைகள். புளி, தேன், பலா, கடுக்காய் ஆகியவை தலைச்சுமையாகவும் பொதிமாட்டிலும் ஆலங்காயம், திருப்பத்தூர், செங்கம், போளூர்ச் சந்தைகளுக்கு இறங்கின. உப்பும் துணியும் மேலேறின.

சந்தனம் தனிக் கதை. தமிழகத்தின் சிறந்த சந்தனக் காடுகளில் ஒன்று இம்மலை. திருப்பத்தூரில் வனத்துறையின் சந்தனக் கிடங்கு அமைந்து, அங்கே நடந்த ஏலங்கள் பெயர் பெற்றன. பட்டா நிலத்தில் தானே முளைத்த சந்தன மரத்தையும் உழுபவன் துறையின் அனுமதியின்றித் தொட முடியாது. மண்ணுக்கு ஒருவன், மரத்துக்கு வேறொருவன் என்ற இந்த ஏற்பாடு மலையூரில் சந்தனக் கன்றைக் காப்பதற்கான ஆசையையே குறைத்தது எனலாம்.

1911இல் திருப்பத்தூர் வட்டம் சேலம் மாவட்டத்திலிருந்து வடஆர்க்காட்டுக்கு மாறியது. 1989இல் வடஆர்க்காடும் 2019இல் வேலூரும் பிரிந்தபோது மலையின் கோப்புகளும் பிரிந்தன. மலை மேலுள்ள காவலூரில், இன்று இந்திய வானியற்பியல் நிறுவனத்துக்கு உரிய வானாய்வகம் 1960களின் இறுதியில் நிறுவப்பட்டது. அதன் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் இயங்கத் தொடங்கி வானியலாளர் வைணு பாப்புவின் பெயர் பெற்றது. விளக்கொளி குறைந்த மலையின் இருட்டே அவ்விடத்தைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம்.

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் பழங்குடியினரின் அனுபவ நிலத்துக்கு உரிமைப்பத்திரம் வழங்க வழிசெய்தது. தமிழகத்தில் நீதிமன்ற இடைக்காலத் தடையால் அப்பணி பல ஆண்டுகள் தேங்கி, 2016இல் உச்ச நீதிமன்றம் தடையை நீக்கிய பின்னரே நகர்ந்தது.

வேலை தேடி வெளியேறுவது இப்போது வழக்கமாகிவிட்டது. கர்நாடகக் காப்பித் தோட்டங்களுக்கும் திருப்பூருக்கும் குடும்பம் குடும்பமாகச் செல்கின்றனர். செம்மரம் வெட்ட ஆந்திரத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டோரும் பலர். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில் ஆந்திரக் காவல் படையால் சுட்டுக் கொல்லப்பட்ட தமிழகத் தொழிலாளர் 20 பேரில் வடதமிழக மலையூர்க்காரர் பலர் இருந்தனர்.

சாலைகள் மெல்லத்தான் எட்டிவருகின்றன; அதற்குள் உயிர்கள் போகின்றன. 2022 ஏப்ரலில் புதூர்நாடு அருகே செம்பரையில் கோயிலுக்குச் சென்ற வண்டி பள்ளத்தில் கவிழ்ந்து பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2023 மே மாதம் அணைக்கட்டு அருகிலுள்ள அல்லேரி மலையில் பாம்பு கடித்த குழந்தை மருத்துவமனை சேருமுன் இறந்தது; ஆம்புலன்ஸ் மலையூர் வரை செல்ல வழியில்லாததால் தாய் உடலைச் சுமந்து நடந்தார். காப்புக்காட்டின் ஊடே சாலை போட 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இசைவு பெற வேண்டும். அல்லேரிச் சாலைக்கான நடவடிக்கை அச்சாவுக்குப் பிறகே விரைவு பெற்றது.