நுரையீரலில் உறைந்த ரத்தம் - ஒரு அறுவை சிகிச்சை பிறந்த கதை

காலில் உறையும் ரத்தக்கட்டி நகர்ந்து போய் நுரையீரலை அடைக்கும் என்பதை ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ 19-ம் நூற்றாண்டின் நடுவிலேயே சொல்லிவிட்டார். பெரும்பாலானவர்களுக்கு மருந்து சாப்பிட்டால் அந்தக் கட்டி கரைந்துவிடும். ஒரு சிலருக்கு மட்டும் கரையாமல், ரத்தக்குழாயின் உட்சுவரோடு ஒட்டி தழும்பு போல இறுகிவிடுகிறது. அந்த அடைப்புக்குள் ரத்தத்தைத் தள்ளித் தள்ளி, இதயத்தின் வலது பக்கம் வீங்கிக் களைத்துப் போகிறது. நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும். ஆஸ்துமா என்று நினைத்தே வருடங்கள் ஓடிவிடும். ஒரு காலத்தில் இந்த நோய் பெரும்பாலும் பிரேதப் பரிசோதனையில்தான் தெரிய வந்தது!

1908-ல் ட்ரெண்டலன்பர்க் என்ற ஜெர்மன் அறுவை மருத்துவர், புதிதாக வந்து அடைத்த கட்டியை நெஞ்சைத் திறந்து எடுக்க முயன்றார். ஆனால் பழைய கட்டி வேறு விஷயம். அதை அப்படியே இழுத்து எடுக்க முடியாது. குழாயின் உட்புறத்தோலோடு சேர்த்து உரித்தெடுக்க வேண்டும். கொஞ்சம் ஆழமாகப் போனால் குழாயே கிழிந்துவிடும்.

இந்த வேலையை விடாமல் பிடித்துக்கொண்ட இடம் அமெரிக்காவின் சான் டியாகோ. நுரையீரல் மருத்துவர் கென்னத் மோசரும், அறுவை மருத்துவர் நீனா பிரான்வால்டும் 1970-ல் அங்கு இதைத் தொடங்கினார்கள். இந்த நீனாதான், தானே வடிவமைத்த செயற்கை இதய வால்வை 1960-ல் ஒரு நோயாளிக்குப் பொருத்தியவர்.

ஆரம்பத்தில் பலர் இறந்தார்கள். ஆனாலும் முயற்சி நிற்கவில்லை. பாட் டெய்லியும், 1989-ல் வந்து சேர்ந்த ஸ்டூவர்ட் ஜேமிசனும் முறையைச் செம்மைப்படுத்தினார்கள். உடலை சுமார் 20 டிகிரி செல்சியஸ் வரை குளிர வைத்து, ரத்த ஓட்டத்தையே ஒரு தடவைக்கு அதிகபட்சம் 20 நிமிடம் நிறுத்துகிறார்கள். ரத்தம் மறைக்காத அந்த நேரத்தில்தான் தழும்பை உரிக்கிறார்கள். 2003-ல் 1,500 அறுவை சிகிச்சைகளின் கணக்கை வெளியிட்டபோது, கடைசி 500 பேரில் இறந்தவர்கள் 4.4 சதவீதம் மட்டுமே.

எல்லோருக்கும் கத்தி வைக்க முடியாது. அவர்களுக்காக பலூன் வைத்துக் குழாயை விரிக்கும் முறையில் 18 பேருக்குச் செய்த அனுபவத்தை 2001-ல் பாஸ்டன் மருத்துவர்கள் வெளியிட்டார்கள். அதை ஆபத்து குறைந்ததாக மாற்றியவர்கள் ஜப்பானியர்கள். 2013-ல் ரியோசிகுவாட் என்ற மாத்திரையும் வந்தது.

ஆக, நுரையீரல் உயர் ரத்த அழுத்தத்தில் முழுமையாகக் குணமாக வாய்ப்புள்ள வகை இது. கண்டுபிடித்தால்தான் அந்த வாய்ப்பு! ரத்தக்கட்டிக்கு 3 மாதம் மருந்து சாப்பிட்ட பிறகும் மூச்சு வாங்கினால், 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் மறுபடியும் போக வேண்டும்.