மடையன் என்றது யார்?

செல்போனில் மும்முரமாக இருக்கிறீர்கள். திடுமென்று நடுவில் ஒரு சின்னப் பெட்டி. ‘உங்கள் இருப்பிடத்தை அறிய அனுமதிப்பீர்களா?’ படித்துப் பார்க்கிறோமா? மூச்! விரல் தானாகப் போய் அழுத்திவிடுகிறது.

இந்தப் பெட்டிக்குப் பெயர் டயலாக். நம்மோடு உரையாடுகிறதாம்! அந்த உரையாடல் தொடங்கிய லட்சணத்தைக் கேளுங்கள்.

1981. ஆப்பிள் நிறுவனம் ‘லிசா’ என்ற கம்ப்யூட்டரை உருவாக்கிக்கொண்டிருந்த நேரம். ‘ஓகே’ கொஞ்சம் கொச்சை என்று, பொத்தானில் ‘டூ இட்’ என்று எழுதினார்கள். லாரி டெஸ்லர் என்ற நிபுணர், சிலரை உட்காரவைத்துச் சோதித்தார். அந்தப் பொத்தானைக் கண்டாலே தயங்கினார்கள். ஒருவருக்குக் கோபமே வந்துவிட்டது. இடைவெளி போதாததால் அவர் அதை ‘டோல்ட்’ என்று படித்திருக்கிறார். அர்த்தம், மடையன்! அவசரமாக ‘ஓகே’யே வந்து உட்கார்ந்தது.

கட், காப்பி, பேஸ்ட் வசதிக்காக நினைவுகூரப்படுபவர் இந்த டெஸ்லர். கம்ப்யூட்டர் மனிதனை எந்த நிலையிலும் கட்டிப்போடக் கூடாது என்பது அவர் கட்சி. கார் நம்பர் பிளேட்டிலேயே ‘நோ மோட்ஸ்’ என்று போட்டுக்கொண்டவர்!

2007-ல் ஐபோன், 2008-ல் ஆண்ட்ராய்டு போன். மௌஸ் போய் விரல் வந்தது. மேலே பார்த்தால் ஒரே கண்ணாடி. உள்ளே ஜன்னல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். விரல் பட்டதுமே போன் முடிவு செய்யவேண்டியது, ‘இந்தத் தொடுகை யாருக்கு?’ டயலாக் திறந்திருந்தால் பொதுவாக எல்லாம் அதற்குத்தான். பெட்டிக்கு வெளியே தொட்டாலும் பின்னாலிருக்கும் பக்கத்துக்குப் போகாது.

திருட்டுப் பயல்கள் புகுந்தது இங்கேதான். அனுமதி கேட்கும் பெட்டிமேல் வேறொரு படத்தைப் போர்வையாக விரிப்பது. ‘பரிசு வேண்டுமா? இங்கே தொடுங்கள்!’ நீங்கள் தொடுவது பரிசை. தொடுகை நழுவி விழுவது அடியிலிருக்கும் ‘சம்மதம்’ மேல்!

2010-ல் ஆண்ட்ராய்டு 2.3 ஒரு தடுப்பு கொடுத்தது. ஜன்னல் மூடப்பட்டிருந்தால் தொடுகையை ஏற்காதே என்று சொல்லலாம். ஆனால், சாஃப்ட்வேர் எழுதுகிறவர் மெனக்கெட்டு அதைச் சேர்க்க வேண்டும். எத்தனை பேர் சேர்ப்பார்கள்? 2017-ல் கலிஃபோர்னியா, ஜார்ஜியா ஆராய்ச்சியாளர்கள், இப்படிப் போர்வை விரித்தே போனை மொத்தமாகக் கைப்பற்ற முடியும் என்று செய்து காட்டினார்கள். 2021-ல் வந்த ஆண்ட்ராய்டு 12-தான், போர்வை வழியாக நழுவும் தொடுகைகளைத் தானாகவே தடுக்க ஆரம்பித்தது.

கையெழுத்துப் போடும்முன் பத்திரத்தைப் படிக்கிறோம் அல்லவா? இப்போது விரல்தான் கையெழுத்து. அடுத்த பெட்டி வரும்போது ஒரு விநாடி நின்று படியுங்கள். லிசா யாரையும் மடையன் என்று சொல்லவில்லை. நாமாகப் போய் அந்தப் பட்டத்தை வாங்குவானேன்?