தலைப்பு மட்டும் எழுதிய பக்கங்கள்

பெர்லின் அரசு நூலகத்தில் பி 283 என்ற எண்ணில் ஒரு சிறிய நோட்டு இருக்கிறது. உயரத்தைவிட அகலம் கூடியது. யோகான் செபாஸ்டியன் பாக் தன் கைப்பட எழுதியது. ‘ஓர்கல்பூஹ்லைன்’, அதாவது ‘ஆர்கன் சிறுநூல்’ என்று பெயர்.

1708 முதல் 1717 வரை வைமார் அரண்மனையில் ஆர்கன் இசைஞராக இருந்த காலத்தில் பாக் இதைத் தொடங்கினார். லுத்தரன் சபையார் பாடும் ஞானப்பாட்டுகளுக்கு ஆர்கனில் முன்னிசை அமைப்பதே திட்டம். இசையை எழுதுமுன்பே 164 பாட்டுகளின் தலைப்புகளை, முதலில் திருச்சபை ஆண்டின் ஒழுங்கிலும் பிறகு பொருள்வாரியாகவும், பக்கந்தோறும் எழுதி இடம் ஒதுக்கிவிட்டார். பெரும்பாலும் ஒரு பாட்டுக்கு ஒரே பக்கம். இடம் போதாமல் போனபோது, மிச்ச இசையைப் பழைய ஜெர்மன் எழுத்துக் குறியீட்டில் நெருக்கி எழுதி முடித்தார்.

அந்த ஒரு பக்கத்துக்குள் எவ்வளவு அடங்குகிறது! ஆதாமின் வீழ்ச்சியைப் பற்றிய பாட்டை எடுத்துக்கொள்வோம். மெட்டு மேற்குரலில் மாறாமல் செல்கிறது. நடுக்குரல்களில் ஒன்று அரைச்சுருதிகளில் நெளிகிறது; அதில் பாம்பைக் கேட்பவர்கள் பலர். காலால் மிதிக்கும் பெடலிலோ சுரங்கள் திரும்பத் திரும்பப் பெரிய இடைவெளியில் கீழே விழுகின்றன. பாட்டின் சொற்களை அறியாதவர்கூட ஏதோ சரிகிறது என்று உணர்வார்கள். மெட்டை அலங்கரிப்பதோடு பாக் நிற்கவில்லை. பாட்டின் பொருளையே வாசிக்க வைத்தார்.

1717இல் அவர் கோத்தன் அரண்மனைக்குப் போனார். அங்கே சீர்திருத்தச் சபை. வழிபாட்டில் விரிவான இசைக்கு இடமில்லை. நோட்டின் முகப்பை அங்குதான் எழுதினார்: கற்கத் தொடங்கும் ஆர்கன் இசைஞருக்கு ஞானப்பாட்டைப் பலவிதமாக விரிக்கவும் பெடலில் தேர்ச்சி பெறவும் உதவும் நூல் என்று. வேலைக்கான நோட்டு இப்படிப் பாடநூலாக மாறியது. பிறகு லைப்சிக்கில் ஒரு பாட்டைச் சேர்த்தார். இன்னொன்றைத் தொடங்கிச் சில சுரங்களோடு விட்டுவிட்டார். முடிந்தவை 46. வைமாரில் அவர் வாசித்த கோட்டைத் தேவாலயம் 1774இல் எரிந்துபோனது. அதற்குள் நோட்டு அவருடைய மகன் கார்ல் பிலிப் எமானுவேலின் கைக்கு வந்திருந்தது.

1840களில் மெண்டல்சன் இந்த முன்னிசைகளை அச்சில் கொண்டுவந்தார். 1898இல் புசோனி சிலவற்றைப் பியானோவுக்கு மாற்றினார். அவற்றுள் ஒன்று, இறைவனைக் கூவி அழைக்கும் பாட்டுக்கானது. தொகுப்பில் மூன்றே குரல்களில் அமைந்தது அது ஒன்றுதான். தார்க்கோவ்ஸ்கி தன் ‘சோலாரிஸ்’ (1972) படத்துக்கு அதைத் தேர்ந்தெடுத்தார். தேவாலயத்தில் காலெடுத்து வைக்காதவர்களையும் அந்த முன்னிசை எட்டியது அப்படித்தான்.

எழுதப்படாத 118 பாட்டுகளுக்கு இசையமைக்கும் பணியை இக்கால இசையமைப்பாளர்களிடம் பகிர்ந்தளித்தார் ஆங்கிலேய ஆர்கன் இசைஞர் வில்லியம் வைட்ஹெட். அது நல்ல காரியம் என்றே நினைக்கிறேன்: இடம் ஒதுக்கி வைத்தவர் அங்கே இசை வர வேண்டும் என்றுதானே ஒதுக்கினார்? அந்தப் புதிய இசை பாக்கின் நோட்டுக்குள் போகவில்லை, தனியாகவே நிற்கிறது. மூலநோட்டின் படங்கள் இன்று இணையத்தில் யாரும் பார்க்கக் கிடைக்கின்றன. முடிந்த 46 முன்னிசைகளோடு, தலைப்பும் வெற்றுக் கோடுகளும் மட்டுமே உள்ள பக்கங்களும்.