ஒலி, ஒளிபரப்பு டிரான்ஸ்மிட்டர் பொறியாளர் பயிற்சி

அகில இந்திய வானொலி தன் பொறியாளர்களுக்கென 1948இல் தில்லியில் பயிற்சி நிறுவனம் தொடங்கியது. பின்னர் தூர்தர்ஷன் பொறியாளர்களும் அங்கே பயின்றனர்.

முதல் பாடம் உயிர்காப்பு. வால்வு டிரான்ஸ்மிட்டருக்குள் பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் இருக்கும். கதவைத் திறந்தால் இன்டர்லாக் மின்சாரத்தை நிறுத்திவிடும். ஆயினும் கெப்பாசிட்டரில் மின்னூட்டம் தங்கியிருக்கும். எர்த் கம்பியால் தொட்டு அதை இறக்கிய பிறகே கை வைக்க வேண்டும்.

அடுத்தது ஆன்டெனா. மத்திய அலையில் கோபுரமே ஆன்டெனா. அடியில் செம்புக் கம்பிகள் ஆரக்கால்கள்போல் மண்ணுக்குள் பரவியிருக்கும். 1939இல் தொடங்கிய திருச்சி நிலையம் 936 கிலோஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. அலைநீளம் சுமார் 320 மீட்டர். அலை தரையைத் தழுவிச் செல்வதால் ஈரமண் அதற்கு உகந்தது. திருச்சியிலிருந்து தாராசுரம் வரை விரியும் வயல்வெளி அத்தகைய நிலம்.

தாராசுரத்துக்கு அருகிலுள்ள ஆடுதுறையில் உருவான ஏ.டி.டி. 27 நெல், 1960களில் திருச்சி வானொலியின் வேளாண் நிகழ்ச்சிகளால் பரவி 'ரேடியோ நெல்' என்றே பெயர் பெற்றது. அந்தப் பெயரில், இரவும் பகலும் டிரான்ஸ்மிட்டரைக் காத்த பொறியாளர்களின் உழைப்புக்கும் பங்குண்டு.

வால்வுகளின் இடத்தைக் குறைக்கடத்திகள் பிடித்தபின் பாடத்திட்டமும் மாறியது. தூர்தர்ஷனின் அனலாக் தரைவழி டிரான்ஸ்மிட்டர்கள் பெரும்பாலும் மூடப்பட்டுவிட்டன.